இடுப்பளவுக்கு ஏற்ப பிரீமியமா?

மருத்துவக் காப்பீட்டுக்கான விண்ணப்பப் படிவத்தில் பெயர், வயது, முகவரி முடிந்ததும் உயரத்துக்கும் எடைக்கும் கட்டங்கள் வருகின்றன. அவற்றுக்குக் கீழே கேள்விகள்: புகைபிடிப்பீர்களா, நாளொன்றுக்கு எத்தனை, புகையிலை மெல்லும் பழக்கம் உண்டா, மது அருந்துவீர்களா? பல வீடுகளில் இந்தப் பக்கத்தை ஏஜென்ட்தான் நிரப்புகிறார். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டுகிறார். புகைப்பழக்கமோ உடல்பருமனோ இருப்பது தெரிந்தால், பாலிசி கொடுக்கும்போதே ‘லோடிங்’ என்ற பெயரில் பிரீமியத்தைக் கூட்ட இந்தியக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடமிருக்கிறது. உடல்நலம் பேணுவோருக்குப் புதுப்பிக்கும்போது தள்ளுபடி தருவதற்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-ல் வழிகாட்டு நெறிமுறை வகுத்துவிட்டது. இதையே இன்னும் ஒரு படி நீட்டி, வாழ்க்கைமுறை சரியில்லாதவர்களிடம் ஆண்டுதோறும் கூடுதல் பிரீமியம் வசூலிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். முதலில் கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால், வசூலிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, வசூலிக்கக் கூடாத இடத்தில் இந்த யோசனை கைநீட்டுகிறது என்று கருதுகிறேன்.

காப்பீட்டு நிறுவனத்தால் ஒருவருடைய பழக்கத்தை நேரடியாக அளக்க முடியாது. இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், தட்டில் என்ன இருந்தது, சாப்பிட்டபின் நடந்தாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியப்போவதில்லை. அதனால் பழக்கத்துக்குப் பதிலாக உடம்பை அளக்கிறது: எடை, இடுப்பளவு, ரத்தச் சர்க்கரை, பிஎம்ஐ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் இந்த பிஎம்ஐ, 19-ஆம் நூற்றாண்டில் அடோல்ப் கெட்டலே என்ற பெல்ஜிய அறிஞர் மக்கள்கூட்டத்தின் சராசரியை ஆராய்வதற்காகக் கண்ட கணக்கு. தனிமனிதரின் ஆரோக்கியத்தை மதிப்பிட அவர் அதை வகுக்கவில்லை. அதன் போதாமையை விளக்க இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே சாட்சியாக வைத்தார்கள். புணேயின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்துப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை 2004-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான்: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், பிஎம்ஐயைப் பார்த்து பிரீமியம் போடும் நிறுவனம் ஓடியவருக்கும் ஓடாதவருக்கும் ஒரே தொகையைத்தான் போட்டிருக்கும்.

அந்தக் கூடுதல் கொழுப்பின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் யாக்னிக்கின் குழுவே தேடிப்போனது. புணேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை குறைந்திருந்தது, வயிறு சிறுத்திருந்தது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்த, உள்ளே கொழுப்பு கூடிய சிசுக்கள் அவை. தாய் போதிய ஊட்டமில்லாமல் சுமந்த பிள்ளை, நாற்பது வயதில் சர்க்கரை நோயோடு காப்பீட்டு நிறுவனத்தின் முன் நிற்கும்போது, அதில் எவ்வளவு அவனுடைய பழக்கம், எவ்வளவு அவனுடைய பிறப்பு என்று எந்த லேபும் பிரித்துச் சொல்லாது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள், பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். இத்தனை கோடிப் பேர் ஒரே தலைமுறையில் ஒன்றாகச் சேர்ந்து சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று சொல்வது விளக்கம் ஆகாது.

தட்டில் விழுவதையும் நாம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இந்தியர்கள் பெறும் கலோரிகளில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர்-இந்தியாப் குழு 2025-ல் கண்டது. தமிழ்நாட்டில் ரேஷன் கடைக்கு எடுத்துச் செல்லும் பையில் என்னென்ன நிரம்புகின்றன என்று பாருங்கள். அரிசி இலவசம், சர்க்கரை மானிய விலையில், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைப்பது நல்ல விஷயம். ஆனால் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான். பசியை விரட்டிய திட்டம் இது. அதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அரிசியும் சர்க்கரையும் மலிவாகவும், காயும் பழமும் முட்டையும் விலையேறியும் இருக்கும் ஒரு சந்தையில் வாங்கிச் சமைக்கும் குடும்பத்திடம் ‘நீங்கள் தேர்ந்தெடுத்த வாழ்க்கைமுறை’ என்று சொல்லிப் பணம் கேட்பதுதான் பொருந்தவில்லை. மதுவின் கதையும் அப்படியே. 2003 முதல் மாநில அரசே சில்லறை மதுக்கடைகளை நடத்துகிறது. டாஸ்மாக்கிலிருந்து ஆண்டுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவுக்குப் போகிறது. குடிப்பவர் தன் பழக்கத்துக்கான வரியை பாட்டில் பாட்டிலாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வருகிறார்.

இந்த நியாய வாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கூடுதல் பிரீமியம் பழக்கத்தை மாற்றுகிறதா என்று மட்டும் பார்ப்போம். மாற்றினால் சற்று அநியாயமாக இருந்தாலும் ஏற்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அமெரிக்கா இதைச் செய்துபார்த்த நாடு. ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டம், நோயைக் காரணம் காட்டி பிரீமியத்தைக் கூட்டக் கூடாது என்று தடுத்தது. புகையிலைக்கு மட்டும் 50 சதவீதம் வரை கூட்ட அனுமதித்தது. குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் பிரீமியம் மானியம் இந்தக் கூடுதல் தொகைக்குச் செல்லாது; முழுவதும் அவர்கள் கையிலிருந்துதான். விளைவை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்டார்கள். கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்ட புகைப்பிடிப்பவர்கள் காப்பீடு எடுப்பது குறைந்தது. புகையை விட்டவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. அதாவது நுரையீரல் யாருக்கு அதிகம் கெட்டுப்போகுமோ அவரை மருத்துவரிடமிருந்து தள்ளி நிறுத்தியது அந்த அபராதம். எடைக்கும் இப்படியொரு சோதனை நடந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பின் உடல்பருமனான ஊழியர்களிடம், எடையைக் குறைத்தால் பிரீமியத்தில் 550 டாலர் கழிவு என்று சொன்னார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கழிவு அறிவிக்கப்படாத குழுவுக்கும் இவர்களுக்கும் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் சம்பளப் பட்டியலில் சிறுகச் சிறுகக் கரையும் தொகை, மாலையில் வீடு திரும்பும் வழியில் பஜ்ஜிக் கடை முன் நிற்பவரின் காதில் எதையும் சொல்வதில்லை.

பணம் ஒருபோதும் வேலை செய்யாது என்று சொல்லவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 878 ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், புகையை விட்டவர்களுக்கு 750 டாலர் வரை ரொக்கமாகக் கையில் தரப்பட்டது. அந்தக் குழுவில் 14.7 சதவீதம் பேர் விட்டார்கள். பணம் தரப்படாத குழுவில் 5 சதவீதம் பேர். இது நல்ல செய்தி. ஆனால் இங்கே யாரும் பாலிசியை இழக்கவில்லை, யாருடைய பிரீமியமும் ஏறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முயன்று தோற்றவருக்கும் அவருடைய மருத்துவப் பாதுகாப்பு அப்படியே இருந்தது.

‘அபராதம் வேண்டாம், தள்ளுபடி கொடுக்கலாமே’ என்பது இதைவிட மென்மையான வாதம். தினமும் பத்தாயிரம் காலடி நடந்தால் புதுப்பிக்கும்போது கழிவு என்பதில் என்ன தப்பு? மொத்த கிளைம் தொகை குறையாமல் சிலருக்கு மட்டும் கழிவு கொடுத்தால், அந்தப் பணம் மற்றவர்களின் பிரீமியத்திலிருந்துதான் வரும். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வருபவர்கள் யார் என்பதை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு காட்டியது. உடல்நலத் திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள்; மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள். திட்டத்தால் செலவு குறைந்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் இதன் பொருள் என்ன? மாலையில் பூங்காவில் நடக்க நேரமும் கையில் ஸ்மார்ட் வாட்ச்சும் உள்ளவருக்குக் கழிவு கிடைக்கும். நாள் முழுக்கச் செங்கல் சுமந்து மாடி ஏறி இறங்கும் சித்தாளின் காலடிகளை எந்தச் செயலியும் எண்ணுவதில்லை.

இன்னொரு விளைவைப் பற்றி இந்த யோசனையைச் சொல்பவர்கள் பேசுவதேயில்லை. நள்ளிரவில் நெஞ்சுவலியோடு ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். கேஸ் ஷீட்டை எழுதும் டியூட்டி டாக்டர், “சிகரெட் பிடிப்பாரா? எத்தனை வருஷமா?” என்று கேட்கிறார். சிகிச்சைக்கு இந்தப் பதில் தேவை. மனைவி சொல்லும் பதில் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியாக ஏறி, கிளைம் மேசைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அது விண்ணப்பத்தில் அடித்த ‘இல்லை’யோடு ஒப்பிடப்படுகிறது. பிரீமியத்தைப் பழக்கத்தோடு இறுக்கமாகக் கட்டினால், அந்த ஒரு வரிக்குப் பயந்து குடும்பங்கள் மருத்துவரிடமே பொய் சொல்லத் தொடங்கும். 60 மாதங்கள் விடாமல் பிரீமியம் கட்டியவரின் கிளைமை, மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, உண்மையை மறைத்தார் என்று சொல்லி மறுக்கக் கூடாது என்று 2024-ல் ஐஆர்டிஏஐ விதி செய்தது. நல்ல விதி. வாழ்க்கைமுறைக் கேள்விகள் பெருகப் பெருக, மறந்து சொல்லாமல் விட்டது எது, மோசடி எது என்ற வழக்குகள்தான் பெருகும்.

‘ஒழுங்காக வாழும் நான், ஒழுங்கில்லாதவனுக்காக ஏன் கட்ட வேண்டும்?’ என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே வயதுக்காரர்களில் புகைப்பவருக்கும் பருமனானவருக்கும் செலவு கூடுதல்தான். வாழ்நாள் கணக்கு வேறு மாதிரி வருகிறது. 20 வயதிலிருந்து மரணம் வரையிலான மருத்துவச் செலவை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள்: ஆரோக்கியமாக வாழ்பவருக்கு 2,81,000 யூரோ, பருமனானவருக்கு 2,50,000, புகைப்பவருக்கு 2,20,000. நீண்ட நாள் வாழ்பவர் முதுமையின் நோய்களையும் சந்தித்துத்தான் ஆக வேண்டும். புகைப்பது சமூகத்துக்கு லாபம் என்று இதை யாரும் படித்துவிடக் கூடாது. சீக்கிரம் சாவதை லாபக் கணக்கில் எழுதும் சமூகம் நமக்கு வேண்டாம். யாருக்காக யார் கட்டுகிறார்கள் என்ற கணக்கு, முறையிடுபவர் நினைப்பதைப் போல ஒருபக்கச் சார்பானதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆபத்துக்கு ஏற்ப விலை வைக்காவிட்டால் ஆரோக்கியமானவர்கள் விலகிவிடுவார்கள், நிறுவனம் நொடித்துப்போகும் என்பது காப்பீட்டுத் துறையின் பதில். தனிநபர் பாலிசியில் இந்த அச்சத்துக்கு இடமிருக்கிறது. வயதுக்கேற்ற பிரீமியத்தை நான் மறுக்கவும் இல்லை, ஏனென்றால் வயது எல்லோருக்கும் வரும். ஆனால் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் புகைப்பவரும் புகைக்காதவரும் பொதுவாக ஒரே பாலிசிக்குள்தான் இருக்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியத்தை அரசு கட்டுகிறது, யாருடைய இடுப்பையும் அளப்பதில்லை. தனியார் காப்பீடு ஓங்கிய தென்னாப்பிரிக்காவில், உடல்நிலையைப் பார்த்து உறுப்பினர் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அங்கே துறை அழிந்துவிடவில்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் சுமை பரவும். 2021-22 தேசியச் சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கிறார்கள். ஆட்களை உள்ளே கொண்டுவர வேண்டிய காலத்தில், வெளியே தள்ளும் விலைப்பட்டியல் எதற்கு?

வசூலிக்க வேண்டிய இடம் விற்பனை முனை. மெக்சிகோ 2014-ல் சர்க்கரை பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதலாண்டில் விற்பனை சராசரியாக 6 சதவீதம் குறைந்தது, ஏழைக் குடும்பங்களில் இன்னும் அதிகம். பிரிட்டனின் வரி 2018-ல் வந்தது. நூறு மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் கீழ் சர்க்கரை இருந்தால் வரி இல்லை, 8 கிராமை எட்டினால் கூடுதல் வரி. வரி அமலுக்கு வரும் முன்பே பல நிறுவனங்கள் பானத்தின் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. ஒரு மனிதரைக்கூட எடை மேடையில் ஏற்றாமல் கிடைத்த பலன் இது. இந்த வரியும் ஏழையைத்தானே தாக்கும் என்று கேட்கலாம். தாக்கும்தான். ஆனால் அது வாங்கும் நேரத்தில், சில்லறைக் காசாக, வாங்காமல் விட்டால் தப்பிக்கக்கூடியதாக வருகிறது. பிரீமியம் ஏறினால் அப்படி இல்லை. கட்ட முடியாமல் பாலிசி காலாவதியாகும் வீட்டில், மகனின் பழக்கத்துக்காகத் தாயின் அறுவைச் சிகிச்சையும் நின்றுபோகும்.

நம்மிடம் சர்க்கரை பானங்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. ஆனால் சர்க்கரையின் அளவைப் பொறுத்து அது மாறுவதில்லை என்பதால், குறைக்கும் நிறுவனத்துக்கு லாபம் எதுவும் இல்லை. புகையிலையில் நிலைமை இன்னும் மோசம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத வரியை முற்றிலும் நீக்கியது. வரவேற்கத்தக்க முடிவு. அதே கூட்டம்தான் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கவும் முடிவெடுத்தது. திருநெல்வேலியிலும் தென்காசியிலும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் கூலி இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படலாம். அவர்களுக்கு வேறு தொழில் ஏற்படுத்தித் தர அந்த வரிப்பணமே உதவும். புகைப்பவரின் பாலிசியில் லோடிங் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன், பீடிக் கட்டின் மீது குறைத்த அந்த 10 சதவீதத்தைத் திரும்பப் போட்டு, புகையை விடுவதற்கான சிகிச்சையை எல்லா பாலிசிகளிலும் சேர்க்கச் சொல்லி ஐஆர்டிஏஐ ஆணையிடட்டும்.