கபனுக்கு முந்துகிறோம், கணக்குக்குப் பிந்துகிறோம்



ஊரில் ஒரு மௌத்து என்றால் நம்மை மிஞ்ச ஆளில்லை. பள்ளியில் அறிவித்த கையோடு கதிரை வந்துவிடும், கபுறு வெட்ட ஆள் போய்விடும், அஸருக்குள் அடக்கம் முடிந்துவிடும். அல்ஹம்துலில்லாஹ். நாலாம் நாள்தான் நம் குறை வெளியே வருகிறது.

"மர்ஹூம் எங்களிட்ட மூணு லட்சம் வாங்கினவர்" என்று ஒருவர் வருகிறார். எழுத்து இல்லை. இத்தாவில் இருக்கும் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. காணி உறுதி எங்கே? நகை அடகு வைத்த துண்டு எங்கே? எந்தெந்த பேங்கில் கணக்கு? எல்லாம் பூட்டிய போனுக்குள். காக்கா ஒன்று சொல்கிறார், மச்சான் வேறொன்று சொல்கிறார். வருஷம் திரும்பும்போது ஒரே வளவில் இருப்பவர்கள் ஆளுக்காள் ஸலாம் சொல்வதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைதான் எங்கள் வகுப்பில் பின்வாங்கில் வந்து உட்காருகிறது. வாப்பா போன கவலை ஒன்று, சாச்சா முகம் திருப்பிய கவலை இன்னொன்று.

இது படிப்பில்லாததால் வந்ததா? இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்று நாம் மனப்பாடமாகச் சொல்வோம். எதில் எட்டில் ஒன்று என்று கேட்டால்தான் பதில் இல்லை.

"ஷரீஆ இருக்கே, எழுத என்ன தேவை?" என்கிறோம். ஷரீஆ பங்கு பிரித்துத் தரும். நாம் ஒளித்து வைத்ததைத் தேடித் தராது. முதலில் ஜனாஸாச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றைத் தாண்டாத வஸிய்யத், அதற்குப் பிறகுதான் வாரிசுகள். கொடுக்காத மஹரும் கடன்தான். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282, கடனை எழுதுவதைப் பற்றியது. நாம் அதை ஓதுகிறோம், எழுதுவதில்லை.

நாட்டுச் சட்டமும் நமக்கு எதிராக இல்லை. வஸிய்யத் இல்லாமல் மௌத்தான முஸ்லிமின் சொத்து அவரது மத்ஹபின் சட்டப்படி பிரிய வேண்டும் என்று 1931இன் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆனால் மரண சாசனம் செல்லுபடியாக, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். இது 1840இலிருந்து உள்ள சட்டம். வாட்ஸப் வொய்ஸில் விட்ட வஸிய்யத் கோட்டில் ஏறாது.

நம் கிழக்கின் பழக்கத்தையே பாருங்கள். "இந்த வீடு மூத்த மகளுக்கு" என்று வாயால் கொடுத்து, நிக்காஹ் முடித்து, பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. உறுதி இன்னும் வாப்பா பெயரில். வாப்பா கண்ணை மூடினால் அந்த வீடு எல்லா வாரிசுக்கும் பொது. கட்டாரில் தம்பி வியர்வை சிந்தி அனுப்பிய காசில் எழும்பிய மாடி, உம்மா பெயரில் உள்ள காணியில் நிற்கிறது. பேர்மிட் காணிக்குப் பின்னுரித்தாளர் பெயர் பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கிறதா என்று எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

"இப்பவே மௌத்தைப் பத்திப் பேசணுமா?" என்று கேட்பவர்கள் 2004 டிசம்பர் 26ஐ மறந்துவிட்டார்கள். அன்று காலையில் யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. ஆளும் போனது, அலுமாரியும் போனது, அதற்குள் இருந்த உறுதியும் போனது.

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஒரு 80 பக்கக் கொப்பி போதும். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, அமானிதமாக வாங்கி வைத்தது, உறுதி இருக்கும் இடம், பேங்க் கணக்கு, அடகு, ஈபிஎஃப். புருஷனும் பெண்சாதியும் ஒரே விபத்தில் போனால் பிள்ளைகள் யார் கையில் என்பதையும் எழுதுங்கள். கொப்பி எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் நம்பிக்கையான இன்னொருவருக்கும் சொல்லுங்கள். உறுதிகளின் பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு றமழானிலும் ஸகாத் கணக்குப் பார்க்கும்போது இதையும் திருத்துங்கள். கொப்பி சாசனம் ஆகாது. வஸிய்யத்துக்கும் வீடு மாற்றுவதற்கும் மௌலவியிடம் கேட்டு, நொத்தாரிசிடம் போக வேண்டும்.

பள்ளி நிருவாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனாஸாவுக்கு நிதி சேர்க்கிறீர்கள், நல்லது. ஒரு ஜும்ஆவை இந்த விசயத்துக்கு ஒதுக்குங்கள். சண்டை வந்த பிறகு சமாதானம் பேசக் கூடுவதைவிட அது லேசு.

நாங்களும் தப்பியவர்கள் அல்ல. ஊருக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தக் கொப்பி இருக்கிறது? இன்றைக்கு இஷாவுக்குப் பிறகு முதல் பக்கத்தை எழுதுவோம். நம் கடனை நம் யத்தீம் பிள்ளைகள் தேடி அலையும் நிலையை விட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக.