லிங்க்ட்இன் விடுப்பும் இமாம் கஸ்ஸாலியின் பயணமும்



நாவலூரைச் சுற்றி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வாதாரம், ராஜீவ் காந்தி சாலையோர மென்பொருள் அலுவலகங்களையும் சிறுசேரி சிப்காட் வளாகத்தையும் சார்ந்துள்ளது. அங்கே பணியாற்றுவோருக்கு லிங்க்ட்இன் ஒரு கருவி. தம்மைப் பிறருக்குக் காட்டிக்கொள்ளும் மேடையும் அதுவே. மாலை மதரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் தந்தையர் சிலர், சென்ற ரமளான் முழுவதும் அத்தளத்தைத் திறவாதிருந்தனர். “வாய்ப்புகள் தவறிவிடாதா?” என்று வீட்டார் அஞ்சினர். அந்த அச்சத்தை நாம் எளிதாகப் புறந்தள்ளலாகாது.

தொழிலில் உயர்ந்து நின்ற வேளையில் விலகிச் சென்ற ஒருவரை நாம் அறிவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091ஆம் ஆண்டில் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியரானார்கள். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பயின்றனர். ஆயினும் தமது நிய்யத்தை ஆராய்ந்தபோது, தம் போதனை அல்லாஹ்வுக்காக அன்றி, புகழுக்காகவும் அந்தஸ்துக்காகவும் நடைபெறுவதை உணர்ந்தார்கள். பல மாதங்கள் மனம் ஊசலாடியது. பாடம் சொல்ல நா எழவில்லை. 1095இல் பதவியைத் துறந்து ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டார்கள். ‘அல்முன்கிது மினள் ளலால்’ என்னும் தன்வரலாற்று நூலில் இதை அவர்களே விவரித்துள்ளார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. புறப்படுமுன் தம் செல்வத்தைப் பகிர்ந்தளித்த இமாம், பிள்ளைகளின் உணவுக்குத் தேவையானதை ஒதுக்கி வைத்தார்கள். பின்னர், 1106இல் நைசாபூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்கள். தொழில் பழையது, நோக்கம் புதியது. எனவே விடுப்பு என்பது தப்பியோடுதல் அன்று. நிய்யத்தைச் சோதித்துப் பார்க்கும் அவகாசம்.

லிங்க்ட்இன் தளம் இச்சோதனையைக் கடினமாக்குகிறது. நம் பக்கத்தை யாரோ பார்த்ததாக அறிவிப்பு வருகிறது; முழு விவரம் அறியக் கட்டணம் கேட்கப்படுகிறது. ஆளெடுக்கும் நிறுவனங்கள், விளம்பரதாரர்கள், சந்தாதாரர்கள் ஆகியோரிடமிருந்தே அத்தளத்திற்கு வருவாய். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2016இல் 2,620 கோடி டாலர் கொடுத்து அதை வாங்க முன்வந்தது நம் தொழில் விவரங்களுக்கும் கவனத்திற்கும் உள்ள விலையைக் காட்டுகிறது. பிறர் பார்வைக்காகச் செய்யும் ரியாவை நபி (ஸல்) அவர்கள் சிறிய இணைவைப்பு என்று எச்சரித்திருக்க, பார்வைகளை எண்ணிக் காட்டும் ஒரு தளத்தில் நாம் கூடுதல் விழிப்போடு இருத்தல் வேண்டும்.

விடுப்பு எடுத்த சகோதரர்கள், தாம் பெரிதும் இழந்தது வேலை வாய்ப்புகளை அல்ல, பிறரின் பதவி உயர்வைக் கண்டு உண்டாகும் மனவாட்டத்தையே என்றனர். ஸஹருக்குப் பின் கைப்பேசியைத் தேடிய கை குர்ஆனை நாடிற்று என்றனர்.

எனினும் வேலை இழந்து நிற்கும் சகோதரருக்கு இவ்விடுப்பை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஹலாலான வருவாயைத் தேடுதல் அவர்மீது கடமை. வேலை தேடுவதாகத் தம் படத்தைச் சுற்றி அவர் பச்சை வளையம் இடுவதில் இழிவு ஏதுமில்லை. உறவினர் என்ன நினைப்பரோ, மகளின் சம்பந்தம் தடைபடுமோ என்று அதை மறைக்கச் சொல்லும் குடும்பத்தாரே தம் போக்கை மாற்றிக்கொள்ளட்டும்.

திரும்பி வருவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளலாம். பக்கத்தில் மிகைப்படுத்தி எழுதியவற்றை நீக்குக. அது நம்மைப் பற்றி நாமே அளிக்கும் சாட்சியம். பார்வை அறிவிப்புகளை நிறுத்துக. வாரத்தில் ஓரிரு முறை தேவையோடு திறந்து, தேவை முடிந்ததும் மூடுக. திறக்கும் ஒவ்வொரு முறையும் வேலை தேடும் ஒருவருக்காக ஒரு பரிந்துரையேனும் செய்க. நற்பரிந்துரை செய்வோருக்கு அதில் பங்குண்டு என்பதைத் திருக்குர்ஆன் அறிவிக்கிறது.

ரிஸ்க்கை அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் உழைப்பில் பரக்கத்தையும் நம் எண்ணங்களில் இக்லாஸையும் தந்தருள்வானாக! ஆமீன்.