சத்திரமும் சாராயக்கடையும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் நம் சபைப் பிள்ளை ஒருவர் தமது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள ஜார்ஜ் இன் என்னும் பழைய மதுவிடுதி அது. "பாருங்கள் ஐயா, கிறிஸ்தவ நாட்டிலேயே மதுக்கடையைப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். நீங்கள்தான் வாரந்தோறும் கண்டிக்கிறீர்கள்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த விடுதி 1676-ஆம் ஆண்டுத் தீயில் எரிந்து, மறு ஆண்டே திரும்பக் கட்டப்பட்டது. குதிரை வண்டிகள் வந்து நிற்க முற்றம், அதைச் சுற்றி மரத் தாழ்வாரங்கள், பயணிகள் படுத்துறங்க அறைகள். ரயில் வந்தபின் பெரும்பகுதியை இடித்துவிட்டு, எஞ்சிய ஒரு பக்கத்தை 1937-ல் ரயில்வே கம்பெனி தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்தது. இன்றும் அங்கே மது விற்கிறார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாதுகாக்கப்படுவது வழிப்போக்கனுக்கு இடங்கொடுத்த கட்டடம். நம் மொழியில் அதற்குச் சத்திரம் என்று பெயர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரத்துக்கு அது உறவு. நம் கடைவீதியிலுள்ள டாஸ்மாக்குக்கு அன்று.

அதே 1937-ல், அக்டோபர் முதல் தேதி, ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-ல் அதை விலக்கினார்கள். பிறகு மூடுவதும் திறப்பதுமாகச் சில ஆண்டுகள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போயிற்று. மதுவை விட்டதற்கு ஈடாகப் பிறந்த விற்பனை வரியை இன்று மதுவின்மேலேயே வாங்குகிறார்கள். தன் தோழனுக்குக் குடிக்கக் கொடுக்கிறவனுக்கு ஐயோ என்கிறார் ஆபகூக் (2:15). நாமோ குடிக்கிறவனை மட்டும் ஏசிவிட்டு வீடு திரும்புகிறோம்.

திராட்சையைப் பழிக்கிறவன் அல்லன் நான். கானாவூரின் கற்சாடிகளை மறந்தவனும் அல்லன். நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை 1832-ல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாரம்பரியம் வேண்டுமென்றால் சுருளிப்பட்டிப் பந்தல்களுக்குக் கீழே போய் நில்லுங்கள். கம்பிவலைக்குள் கையை நுழைத்துக் காசு கொடுத்து, பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு விலகும் இடத்துக்கா அந்தப் பெயர்? அங்கே உட்காரத் திண்ணைகூட இல்லை. பக்கத்து பாரில் உட்காரலாம். அதற்கும் வாங்கியாக வேண்டும்.

இத்தனை சொன்னவன் நம்மையும் சொல்லவேண்டும். அந்தி சாயும்போது ஏலத்தோட்டத்திலிருந்து கம்பமெட்டு வழியாக ஜீப்புகள் இறங்குகின்றன. காயம்பட்டவனைச் சமாரியன் சத்திரத்துக்குக் கொண்டுபோனான். செலவுக்கு இரண்டு பணமும் கொடுத்தான் (லூக்கா 10). ஜீப்பிலிருந்து இறங்குகிறவனுக்கு நாம் எதைக் காட்டுகிறோம்? ஆறு மணிக்கு நம் ஆலய வாசலில் பூட்டுத் தொங்குகிறது. அந்நேரம் தெருவில் விளக்கெரிவது ஒரே கடையில். போன மாதம் ஒரு சகோதரி என்னிடம் அழுதார். "குடிக்கத்தான் போகிறார் என்று நினைக்காதீர்கள் ஐயா. ஒற்றை அறை வீடு, பிள்ளைகள் படிக்கிறார்கள். பேச ஆள் தேடித்தான் முதலில் போனார்" என்றார். அந்த மனிதர் நம் சபைப் பதிவேட்டில் இருக்கிறார். பெத்லகேம் சத்திரத்தில் இடமில்லாமற்போனதைப் பற்றி வருடந்தோறும் டிசம்பரில் பிரசங்கிக்கிறேன். என் கையில் இருந்த சாவியைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை.

வரும் சனிக்கிழமை முதல் மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை ஆலய வராந்தா திறந்திருக்கும். பெஞ்சும் காப்பியும் இருக்கும், பிரசங்கம் இராது. குடித்துவிட்டு வருகிறவரையும் உட்காரச் சொல்லுங்கள். மூப்பர்களில் எவருக்கேனும் இதில் ஆட்சேபம் இருந்தால் கமிட்டிக்கு எழுத வேண்டாம். அன்று மாலை வராந்தாவுக்கு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் சொல்லுங்கள்.