வட்டா மேசைக்கு வரட்டும்

ஐப்பசி பிறந்தால் கிளிவெட்டியில் இலை உதிர்வதில்லை. வானம் கறுக்கும், வாடைக்காற்று திரும்பும், மூதூருக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் வயல்களில் பெரும்போக விதைப்பு தொடங்கும். ஊறவைத்துக் கட்டிய விதைநெல் சாக்குக்குள்ளேயே வெள்ளை முளை விட்டிருக்கும். சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டால் இளஞ்சூடு தெரியும். சங்கப் புலவர்கள் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். 'இலையுதிர்காலம்' என்ற சொல்லை நாம் பாடப் புத்தகத்தில்தான் படித்தோம். முற்றத்து மாமரத்தில் பார்த்ததில்லை.

இதே நாட்களில் கைபேசியைத் திறந்தால் வேறொரு பருவம் கண்ணில் படுகிறது. செம்மஞ்சள் பூசணி, காய்ந்த சோளக்கதிர், பழுப்பு இலை பரப்பிய நீண்ட மேசை, நடுவே பாட்டி விட்டுப்போன வெள்ளிக் கிண்ணம். பார்க்கப் பார்க்க அழகுதான். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையையும் ஒருநாள் இப்படி வைக்க வேண்டும் என்று ஆசை வருகிறது. நல்ல ஆசை. அதை நிறைவேற்ற வேண்டிய பொருட்கள் ஏற்கெனவே வேலியோரத்திலும் அலுமாரியின் மேல்தட்டிலும் இருக்கின்றன என்பதுதான் பலருக்குத் தோன்றுவதில்லை.

உலகத்தில் பருவத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொண்டாடிய எல்லாரும் தங்கள் நிலம் அந்த மாதத்தில் கொடுத்ததைத்தான் எடுத்திருக்கிறார்கள். யூதர்கள் சுக்கோத் திருநாளின்போது பச்சைக் கிளைகளால் கூரை போட்ட பந்தலுக்குள் இருந்து ஏழு நாள் சாப்பிடுகிறார்கள். ஜப்பானியர் இலையுதிர்கால முழுநிலவன்று சுசுகி என்ற நாணல் போன்ற புல்லைச் சாடியில் நிறுத்தி, பக்கத்தில் அரிசிமா உருண்டைகளை அடுக்கி வைக்கிறார்கள். கனடாவில் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள். நவராத்திரியும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். ரொறொன்ரோவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டு வாசலில் உதிர்ந்த மேப்பிள் இலையைப் பொறுக்கிக் குத்துவிளக்கின் காலடியில் பரப்பினால் அது முழுக்கப் பொருத்தம். அந்த மண்ணில் அப்போது விழுவது அந்த இலைதான். அதே இலையைத் துணியில் செய்து விற்கிறார்கள் என்பதற்காகக் கிளிவெட்டி மேசைக்குக் கொண்டுவந்தால், வெளியே வயல் முளைத்துக்கொண்டிருக்க வீட்டுக்குள் மட்டும் பருவம் பட்டுப்போய்க் கிடக்கும்.

திருகோணமலைக்காரருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நவராத்திரியில் கும்பம் வைக்கும் வழக்கம் இந்த மாவட்டத்தின் தனிச் சொத்து. கும்பம் வைக்கும் கொட்டிலான கும்பத்துமாலுக்குள் மண் பரப்பி நவதானியம் விதைப்பார்கள். கும்பம் தெருவுக்கு வரும் நாளில் முளை விரல் உயரம் தாண்டி நிற்கும். இருட்டில் வளர்ந்த முளை வெளிறிய மஞ்சளாக இருப்பதையும், வெளிச்சம் பட்ட ஓரிரு நாளில் பச்சை பிடிப்பதையும் சிறுபிள்ளைகள் குனிந்து நின்று பார்ப்பார்கள். மற்ற நாடுகளில் இந்த மாதத்து அலங்காரம் அறுவடையின் அலங்காரம். நமக்கோ புது நெல் வீட்டுக்கு வந்து புதிர் எடுக்கத் தைப்பூசம் வரை பொறுக்க வேண்டும். இப்போது கையில் இருப்பது விதையும் முளையும்தான். ஆகவே ஐப்பசி மேசையின் நடுவில் நிற்கத் தகுந்தது ஒரு தட்டு முளைப்பயிர்.

ஆனால் இன்று நடுவில் நிற்பது என்ன? பெரும்பாலான வீடுகளில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் தூசு படிந்த பிளாஸ்டிக் ரோசா. கோயில் வாசலிலும் கலியாண வீட்டுப் பந்தலிலும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். ஒருமுறை வாங்கினால் பத்து வருசம் வரும் என்கிறார்கள். மாமரம் இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் எத்தனை? இலங்கையில் 2017 செப்டம்பர் 1 முதல் சமய, சமூக, அரசியல் நிகழ்வுகளைப் பொலித்தீனால் அலங்கரிப்பதற்குத் தடை இருக்கிறது. 2023இல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடைசெய்தபோது பிளாஸ்டிக் பூமாலையும் இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. சட்டம் புத்தகத்தில் இருக்க, தோரணம் பந்தலில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதிகாரி வந்து அவிழ்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் பரிபாலன சபை ஒன்று மனம் வைத்தால் ஒரே திருவிழாவோடு முடிகிற வேலை இது.

இனி அலுமாரியின் மேல்தட்டுக்கு வருவோம். கிழக்கு மாகாணத்துப் பழைய வீடுகளில் ஏதாவது ஒரு பித்தளைப் பொருள் தப்பிப் பிழைத்திருக்கும். வெற்றிலை வைக்கும் வட்டா, தண்ணீர்ச் செம்பு, பாக்குவெட்டி, காமாட்சி விளக்கு. வட்டாவை எடுத்துப் பாருங்கள். தாமரைக் காம்புபோலக் கால், மேலே அகன்ற தட்டு. விளிம்பின் ஓரிடத்தில் மட்டும் மழுங்கியிருக்கும். இரண்டு மூன்று தலைமுறை ஒரே இடத்தில் பிடித்துத் தூக்கியதால் வந்த மழுக்கம். அடியில் உற்றுப் பார்த்தால் ஆணியால் குத்திய புள்ளிகளில் ஓர் எழுத்து தெரியலாம். கொள்ளுப்பாட்டியின் பெயர் முதலெழுத்து. கலியாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைத்ததும் சாவீட்டில் வந்தவர்கள் முன் நகர்த்தியதும் அதே வட்டாதான். கறுத்துப்போய்விட்டதே என்று ஒதுக்கிவைத்திருப்பார்கள். ஒரு பிடி பழப்புளியைக் கரைத்துத் தும்பால் தேய்த்தால் போதும். புளியிலுள்ள அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைத்துவிட, கீழே இருந்து பொன்நிறம் எழும்பும். உடனே கழுவித் துடைத்து வெயிலில் வைக்க வேண்டும். ஈரம் நின்றால் மறுபடி புள்ளி விழும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புளிப்பான கறியையும் தயிரையும் பித்தளையிலோ செம்பிலோ ஊற்றி வைக்கக்கூடாது. புளிப்புப் பட்டால் செப்பு சாப்பாட்டில் கலக்கும். அதனால்தான் முன்னோர் உள்ளே வெள்ளீயம் பூசி வைத்தார்கள். அந்தப் பூச்சு இப்போது தேய்ந்திருக்கும். வட்டாவில் வெற்றிலையும் பழமும் முளைத்தட்டும் இருக்கட்டும். தயிருக்கு மண்சட்டி இருக்கிறது, அதைவிட அழகான பாத்திரம் வேறில்லை.

மூதூர்ப் பக்கத்தில் இந்தப் பொருட்களைப் பற்றி எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது. எத்தனை வீடுகளில் ஒன்றுமே இல்லை! 1996 பெப்ரவரி 11ஆம் திகதி கிளிவெட்டிக்குப் பக்கத்துக் குமாரபுரத்தில் பெண்களும் சிறுவர்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 2006இல் மாவிலாற்றுத் தண்ணீரில் தொடங்கிய சண்டை சம்பூரையும் சுற்றுக் கிராமங்களையும் காலியாக்கியது. சனம் வெருகல் தாண்டி, வாகரை தாண்டி, மட்டக்களப்பு வரை நடந்தது. பிள்ளையைத் தூக்குவதா, குத்துவிளக்கைத் தூக்குவதா என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கும் சம்பூர் கிடைக்கவில்லை. உயர் பாதுகாப்பு வலயம் என்று மூடப்பட்டிருந்தது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் இடைத்தங்கல் முகாம்களின் தகரக் கொட்டில்களில் வருசக்கணக்காகக் கிடந்தார்கள். 2015இல் 818 ஏக்கரை விடுவிக்கும் முடிவு வந்த பிறகுதான் வீடு திரும்பும் வழி திறந்தது. போய்ப் பார்த்தபோது பலருக்குச் சுவரே இல்லை. பெட்டகத்துப் பித்தளையைப் பற்றி என்ன சொல்ல?

ஆகவே குடும்பச் சொத்து என்றால் பித்தளையும் வெள்ளியும் என்று இந்த ஊரில் எழுதக்கூடாது. முகாமில் நிவாரணமாகக் கிடைத்த அலுமினியச் சட்டி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அடி கரி பிடித்து, கைப்பிடி கழன்று, கம்பி கட்டியபடி. அந்தச் சட்டியில் காய்ச்சிய கஞ்சியில் வளர்ந்த பிள்ளை இன்று தானே குடும்பம் நடத்துகிறது. இருபது வருசம் ஒரு குடும்பத்தோடு இருந்து அதன் பசியை ஆற்றிய பாத்திரம் அது. மேசை நடுவில் அதை வைத்து, உள்ளே ஈர மண் போட்டு, பயறு விதைத்தால் அதற்கு ஈடான அலங்காரம் எந்த மாளிகையிலும் கிடையாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வட்டா இருக்கும் வீடு இல்லாத வீட்டை இளக்காரமாகப் பார்ப்பதுதான் வெட்கம்.

2022 பொருளாதார நெருக்கடியில் கையில் இருந்ததை விற்று அரிசி வாங்கியவர்களையும் குறை சொல்ல முடியாது. பசிக்கு முன் பித்தளை பெரிதல்ல. ஆனால் இப்போது, அடுப்பு எரிகிற வீட்டில், பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் பாட்டியின் செம்பைக் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறார்களே, அது நெஞ்சைச் சுடுகிறது. அந்தக் காசுக்கு வாங்கும் பிளாஸ்டிக் வாளி இரண்டு வருசத்தில் வெடித்துவிடும். செம்போ அடுத்த பேத்தியின் கலியாணத்துக்கும் நிற்கும்.

மேசை வைக்கப் பெரிய வித்தை தேவையில்லை. பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துவிட்டுப் பன்பாய் ஒன்றை நீளவாக்கில் விரிக்கலாம். ஓரத்தில் கூந்தலாகத் தொங்கும் தென்னங்குருத்து, நடுவில் முளைத்தட்டு, இரண்டு பக்கமும் செம்பு. செம்பில் தண்ணீர் ஊற்றி மாவிலைக் கொத்து வைத்தால் நாலைந்து நாள் வாடாது. கமுகம்பாளை கிடைத்தால் விரித்து வைக்கலாம். அதன் மணம் கறி மணத்தோடு சண்டைக்கு வராது. குளத்துத் தாமரை இலையில் சோறு போடலாம், வாழையிலை எப்போதும் இருக்கிறது. இரண்டு பூக்களை மட்டும் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்: அலரியும் கார்த்திகைப்பூவும். மாரியில் வேலியெல்லாம் கார்த்திகைப்பூ தீக்கொழுந்துபோல விரியும், கை தானாகவே பறிக்கப் போகும். அதன் கிழங்கு கடும் நஞ்சு, மற்றப் பாகங்களும் நஞ்சுதான். அலரியின் விதை எத்தனை உயிரைக் குடித்தது என்று இலங்கை ஆசுபத்திரிகளுக்குத் தெரியும். பிள்ளைகள் கையெட்டும் தூரத்தில், சோற்றுக்குப் பக்கத்தில், அவை வேண்டாம்.

இதைத் தொடங்க நல்ல இடம் பள்ளிக்கூடத்து வாணி விழா. அவல் கடலைக்குக் காசு சேர்ப்பதோடு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவரட்டும். பாக்குவெட்டியோ, சுளகோ, நெல் அளந்த மரைக்காலோ, முகாம் சட்டியோ எதுவானாலும் சரி. அது யாருடையது, எங்கிருந்து வந்தது, எப்படித் தப்பியது என்பதை வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். பாட்டி இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. நவராத்திரி முதல்நாள் விதைத்தால் சரசுவதி பூசையன்று முளை நிமிர்ந்து நிற்கும். பூசை முடிந்து, அவல் சாப்பிட்டு, பாய் சுருட்டிய பிறகு தட்டோடு தூக்கிப்போய் வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் கவிழ்த்துவிடலாம். அப்போது மழையும் இறங்கியிருக்கும்.