அன்று தோட்டத்தில் கள்ளுக்கடை! இன்று கைத்தொலைபேசியில் கேசினோ!



முன்பெல்லாம் என் அலுவலகத்துக்கு வரும் நம் குடும்பங்கள் தடுப்புக் காவல், பிறப்புப் பத்திரம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் என்றுதான் வருவார்கள். சில ஆண்டுகளாக இன்னொரு வகை வழக்கும் சேர்ந்துகொண்டது. ஓர் அம்மா வருகிறார். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் வட்டி முதலைகள் வாசலில் ஒட்டிவிட்டுப் போன தாள்கள். ஒவ்வொன்றிலும் மகனுடைய அடையாளக் கார்டின் படம். கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். "பையன் ஒரு நாள்கூட கெந்திங் மலை ஏறுனது இல்லைங்க ஐயா. நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்து படுத்துக்கிட்டே போனைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பான்" என்கிறார்.

அந்த அம்மா சொல்வது உண்மை. பையன் கேசினோவைத் தேடிப் போகவில்லை. கேசினோ அவன் பாயைத் தேடி வந்திருக்கிறது. யார் கொண்டுவந்து விட்டது? அதனால் யாருக்கு லாபம்? சட்டம் யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது? இதைத்தான் இன்று உங்களோடு பேச வேண்டும்.

மலைமேல் இருந்த தடைகள்

1969இல் கெந்திங் மலைக்குக் கேசினோ உரிமம் கொடுக்கப்பட்டது. மலேசியாவில் சட்டப்படி இயங்கும் கேசினோ இன்றுவரை அது ஒன்றுதான். அதைப் பற்றி நமக்கு ஆயிரம் குறைகள் உண்டு. ஆனாலும் அங்கே போக பஸ் செலவு வேண்டும், ஒரு நாள் லீவு வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். வாசலில் காவலர் நிற்பார். முஸ்லிம் குடிமக்களுக்கு அனுமதி இல்லை. அது அவர்களின் மார்க்கம் அவர்களுக்குத் தரும் பாதுகாப்பு. அதைக் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: நம் பிள்ளைகளைக் காக்க அரசாங்கம் எந்தக் கதவில் யாரை நிறுத்தியது?

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அந்தக் கேசினோவும் மூடியது. சூதாட்டம் மூடவில்லை. வேலையில்லாமல் அடுக்குமாடி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நம் இளைஞர்களின் வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் வந்து சேர்ந்தது. எட்டு எட்டாக முடியும் அந்தப் பெயர்களை நான் எழுதி இலவச விளம்பரம் கொடுக்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும். அங்கே வயது கேட்பவர் இல்லை. பஸ் இல்லை, லீவு தேவையில்லை. பத்து வெள்ளி இருந்தால் போதும். கெடாவில் 2023இல் நம்பர் கடைகளுக்கு உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. கடைக் கதவை இழுத்து மூடலாம். கைத்தொலைபேசிக்கு ஏது கதவு?

முதலாளிகள் எங்கே போனார்கள்?

உலகெங்கும் கட்டடம் கட்டிக் கேசினோ நடத்தியவர்கள் இன்று இணையத்திலும் கடை திறக்கிறார்கள். நம் கெந்திங் குழுமத்தையே பாருங்கள். 2006இல் பிரிட்டனின் ஸ்டான்லி லெஷர் நிறுவனத்தை வாங்கியது. இன்று அங்கே அதன் பெயரில் இணையக் கேசினோ நடக்கிறது. 2022இல் நியூயார்க்கில் இணையப் பந்தயத்திலும் இறங்கியது. நம் பையன்கள் ஆடும் கள்ளத் தளங்களை இந்த நிறுவனம் நடத்துவதாக நான் சொல்லவில்லை. நம் நாட்டில் இணையக் கேசினோ நடத்த எவருக்கும் உரிமம் கொடுக்கப்படவில்லை. நான் காட்ட விரும்புவது வேறு.

பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் கடன் அட்டையில் சூதாட முடியாது. 2025இல் இணைய ஸ்லாட் ஆட்டத்துக்கு ஒரு சுற்றுக்கு உச்சவரம்பு வைத்தார்கள்: 25 வயதுக்கு மேல் 5 பவுண்ட், 18 முதல் 24 வயதுவரை 2 பவுண்ட். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் தப்பு செய்தால் உரிமம் வைத்திருக்கும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். 2010இல் அதே குழுமத்தின் கேசினோ செந்தோசாவில் திறந்தது. சிங்கப்பூர்க் குடிமக்கள் ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சட்டம். 2019இல் அது 150 ஆனது. சூதாடிக் குடும்பத்தை அழிப்பவரை உள்ளே விடக் கூடாது என்று மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ மனுப் போடலாம். மலேசியத் தமிழ்த் தாய்க்கு அப்படி மனுப் போட ஒரு சட்டம் இருக்கிறதா? இல்லை!

இன்றைய கங்காணி

இனி ஏஜெண்டைப் பற்றிப் பேசுவோம். இந்தத் தொழிலில் அவனுக்கு 'அஃபிலியேட்' என்று அழகான பெயர். தளம் அவனுக்கென ஒரு லிங்க் கொடுக்கும். அதை அமுக்கி யார் சேர்ந்தாலும் அந்த ஆள் அவன் கணக்கில் பதிவாகிவிடுவார். கூலி இரண்டு வகை. ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று ஒரே தடவை கொடுப்பது. மற்றது, சேர்த்துவிட்ட ஆள் தோற்கும் பணத்தில் மாதாமாதம் ஒரு பங்கு. இரண்டாவதை நன்றாக யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஜெயித்தால் அவன் பங்கு குறையும். நீங்கள் தோற்றால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். "பாஸ், இன்னைக்கு ஃப்ரீ கிரெடிட் இருக்கு" என்று அவன் அனுப்பும் செய்திக்கு அர்த்தம் இதுதான்.

இது புதிதல்ல. கட்டடக் கேசினோக்களுக்குப் பணக்காரர்களை அழைத்து வந்து கமிஷன் வாங்கும் ஜங்கெட் தரகர்கள் எப்போதும் இருந்தார்கள். மக்காவ்வில் அந்தத் தொழிலின் பெரும் முதலாளி எல்லை தாண்டிய இணையச் சூதாட்டத்தையும் நடத்தி, 2023 ஜனவரியில் 18 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். முன்பு பணக்காரனுக்குத் தரகன். இப்போது பாக்டரித் தொழிலாளிக்கும் லோரி டிரைவருக்கும் தரகன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒருவன் ஊருக்குப் போய், ஆசை வார்த்தை சொல்லிச் சொந்த ஊர்க்காரனையே கப்பல் ஏற்றினான். துரை அவனுக்குத் தலைக்காசு கொடுத்தார். கங்காணி என்று பெயர். இன்றைய கங்காணியும் நம் ஆள்தான். நம் மொழி பேசுகிறான். நம் பையனோடு ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவன். அவனுக்கு எப்படிப் புதுக் கார் வந்தது என்று நாம் கேட்பதில்லை. கோயில் திருவிழா அன்னதானத்துக்கு நன்கொடை கொடுத்தால் மேடையில் ஏற்றி மாலை போடுகிறோம். யார் வீட்டுத் தாலி அடகுக் கடைக்குப் போய் அந்த மாலை வந்தது என்று என்றாவது கேட்டோமா?

சட்டத்தின் வலையில் சின்ன மீன்கள்

நம் சூதாட்டச் சட்டங்கள் 1953ஆம் ஆண்டில் எழுதப்பட்டவை. பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட வீடுகள் சட்டமும் வெள்ளைக்காரன் காலத்தவை. சூதாட்ட வீட்டில் ஆடிப் பிடிபட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடத்துபவருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் கூண்டில் நிற்பது யார்? வாடகை வீட்டில் உட்கார்ந்து வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்பிய பையன். முந்நூறு வெள்ளிக்குத் தன் வங்கிக் கார்டைக் கொடுத்த பெண். கழுதைக் கணக்குக்கு 2024இல் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகளே சேர்த்துவிட்டார்கள். இனி "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது கடினம். சர்வர் வெளிநாட்டில். முதலாளி மாளிகையில். நம் பிள்ளை லோக்கப்பில்!

"ஆடியது அவன் தப்புதானே?" என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், அவன் தப்பும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் மோட்டார் தவணையும் கட்டிவிட்டு மிச்சத்தைப் பார்ப்பவனிடம் "ஒரே ராத்திரியில் கடன் தீரும்" என்று சொல்பவனுக்குத் தப்பு இல்லையா? "வரி வரும், அதனால் இணையக் கேசினோவுக்கும் உரிமம் கொடு" என்று கேட்பவர்களுக்கும் ஒரு கேள்வி. 2019 வரவு செலவுத் திட்டத்தில் கேசினோ உரிமக் கட்டணத்தை ஆண்டுக்கு 120 மில்லியனிலிருந்து 150 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். அதில் சூதாட்டத்தால் சிதைந்த குடும்பத்துக்குத் தமிழில் ஆலோசனை சொல்ல ஒரு மையமாவது நம் வட்டாரத்தில் திறந்தார்களா?

தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்று: சூதாட்டக் கடனை நீதிமன்றம் வழியாக வசூலிக்க முடியாது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 31ஆவது பிரிவும் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் 26ஆவது பிரிவும் அதைச் செல்லாது என்கின்றன. ஏஜெண்ட் "கோர்ட்டுக்குப் போவேன்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள்.

இரண்டு: உரிமம் பெற்ற வட்டிக்காரர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. அடமானக் கடனுக்கு 12 விழுக்காடு. உரிமம் இல்லாமல் கடன் கொடுப்பதே குற்றம். மிரட்டல் வந்தால் தாள், செய்தி, படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி போலீஸ் புகார் செய்யுங்கள்.

மூன்று: வங்கிக் கார்டு, இரகசிய எண், அடையாளக் கார்டு எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். "ஒரு மாசத்துக்கு மட்டும்" என்று சித்தப்பா மகன் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நம் கோரிக்கைகள்

1. ஏஜெண்டோடும் கழுதைக் கணக்கோடும் நிற்காமல், பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதலாளிகளின் சொத்தை முடக்க வேண்டும்.

2. சூதாடுபவரைத் தடுத்து நிறுத்த குடும்பத்தார் மனுச் செய்யும் சட்டம் மலேசியாவுக்கும் வேண்டும்.

3. 2025 ஜனவரி 1 முதல் பெரிய சமூக ஊடகங்களுக்கு உரிமம் கட்டாயம். அவற்றில் வரும் சூதாட்ட விளம்பரத்துக்கு அவையே பதில் சொல்ல வேண்டும்.

4. கேசினோ வரியில் ஒரு பங்கைத் தமிழ், மலாய், சீன மொழிகளில் இயங்கும் சிகிச்சை மையங்களுக்கு ஒதுக்க வேண்டும்.

5. இந்த நான்கும் நடக்கும்வரை இணையக் கேசினோவுக்கு உரிமம் என்ற பேச்சே கூடாது.

உறவுகளே! 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். அந்தப் போராட்டத்தில் ஐந்து உயிர்கள் துப்பாக்கிக்குப் பலியாயின. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். போர் முடிந்ததும் கெடா பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை எழுந்து மறுபடியும் கள்ளுக்கடை முன்னால் நின்றது. படிப்பறிவில்லாத ரப்பர் மரம் வெட்டும் தொழிலாளிக்கு அன்றே புரிந்தது: கூலியைக் கொடுக்கும் கையே கடையைத் திறந்து அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது என்று.

அவர்கள் பேரப்பிள்ளைகள் நாம். முதல் வேலையை இன்று ராத்திரியே தொடங்கலாம். உங்கள் பையனைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்து, "எவ்வளவுப்பா கடன்?" என்று கேளுங்கள். முழுத் தொகையையும் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் நிர்வாகத்திடம், "அந்த ஏஜெண்டின் காசு நமக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள். கள்ளுக்கடையின் முன்னால் நின்ற கால்கள் நம் கால்கள்தான். இந்தக் கடையின் முன்னாலும் நிற்போம்.

போராட்டம் தொடரும்!