ஈறு என்ன அடிப்பிடிச்ச பாத்திரமா?

நம்மாளுங்க பல் தேய்க்கிற வேகத்தைப் பார்த்தா, அடிப்பிடிச்ச பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரியே இருக்கு. அழுத்தித் தேய்ச்சாத்தான் அழுக்கு போகும்னு எவன் சொன்னான்? பல்லுல படியிற பாக்டீரியாப் படலம் ரொம்ப மெல்லிசு. மெதுவாத் தேய்ச்சாலே போயிடும். அழுத்தினா தேயறது ஈறுதான். கீழே இறங்கின ஈறு தானா மறுபடி வளராது. வேர் வெளியே தெரிஞ்சு, ஐஸ் தண்ணி பட்டாலே கூசும்.

அமெரிக்க டாக்டர் சார்லஸ் பாஸ் 1954-லேயே எழுதிட்டார்: பிரஷ்ஷை ஈறு ஓரத்துல 45 டிகிரி சாய்ச்சு, லேசா அசைக்கணும். ரத்தம் வருதுன்னு அந்த இடத்தை விட்டுடாதீங்க. பெரும்பாலும் படலம் சேர்ந்து வீங்கியிருக்கிறது அங்கேதான்.

பிரஷ் முழுக்கப் பேஸ்ட் பிதுக்கிக் காட்டுற விளம்பரக்காரன் இதையெல்லாம் சொல்வானா? பட்டாணி அளவு போதும்னா அவன் பொழப்பு என்னாகிறது! சாஃப்ட் பிரஷ், 2 நிமிஷம், கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதாங்க.