பிரிண்டரைத் திட்டாதீங்க சாமிகளா!

டெலிவரி சலான்ல பார்கோடு வேலை செய்யலைன்னு சொல்லிப் பாருங்க. பொட்டி தட்டுற நம்ம சமூகத்துகிட்ட ஒரே பதில்தான் ரெடியா இருக்கும். "பிரிண்டர் சரியில்ல சார், வேற வாங்கிடுங்க." நானும் பொட்டி தட்டி சோறு திங்கறவன்தான். ஆனாலும் சொல்றேன், இது பெரும்பாலும் சோம்பேறித்தனம். காசு கம்பெனியோடது, அதனால வாய் கூசாம வருது.

விஷயம் இதுதான் மக்களே. லேபிள் பிரிண்டருக்குப் பார்கோடு போடத் தெரியும். "இந்த எண்ணை கோட் 128ல போடு"ன்னு மென்பொருள் ஒரு கட்டளை அனுப்பினா, அதுவே கணக்குப் போட்டு கோடு கிழிச்சிடும். ஆபீஸ் லேசர் பிரிண்டர் அப்படி இல்ல. பல மாடல்கள்ல அதுக்குத் தனியா ஒரு சிப்போ கார்டோ சொருகணும். அது இல்லாத பிரிண்டருக்கு அதே கட்டளை போனா என்ன ஆகும்? கட்டளை புரியாது, கண்டுக்காம விட்டுட்டு வெறும் எண்ணை மட்டும் அச்சடிக்கும். இதுல பிரிண்டர் செஞ்ச தப்பு என்ன? பார்கோடை மென்பொருளே படமா வரைஞ்சு அனுப்புற மாதிரி ஃபார்மை மாத்தினா போச்சு. மாத்த வேண்டியவர் யாரு? "வேற வாங்குங்க"ன்னு சொன்ன அதே கனவான்தான்!

அடுத்த கூத்து எழுத்துரு. ஒரு பொட்டியில கோடா வருது, பக்கத்துப் பொட்டியில எண்ணா வருது. எழுத்துருவை அங்க நிறுவலை, பிடிஎஃப்ல பொதிக்கவும் இல்ல. அவ்ளோதான். கோட் 39க்கு முன்னாடியும் பின்னாடியும் நட்சத்திரக் குறி வேணும். கோட் 128க்கு தொடக்கக் குறி, 103ஆல வகுத்து வர்ற சரிபார்ப்புக் குறி, முடிவுக் குறி மூணும் வேணும். இதெல்லாம் இல்லாம எண்ணை செலக்ட் பண்ணி எழுத்துருவை மட்டும் மாத்தினா, பார்க்க பார்கோடு மாதிரி ஒரு கோலம் கிடைக்கும். ஸ்கேனருக்கு அது வேலைக்காகாது.

எல்லாம் சரியா இருந்தும் ஸ்கேனர் பீப் அடிக்கலையா? அப்போ அளவைப் பாருங்க. 600 டிபிஐ லேசர்ல ஒரு புள்ளி 0.0423 மி.மீ. மெல்லிய கோடு 4 புள்ளின்னு வெச்சுக்கங்க. யாரோ 'பக்கத்துக்குப் பொருத்து'ன்னு டிக் பண்ணி 97 சதவீதமாச் சுருக்கிட்டா 3.88 புள்ளி ஆகுது. புள்ளியை உடைக்க முடியாதே! ஒரு இடத்துல 4, இன்னொரு இடத்துல 3ன்னு கோடு விழும். நம்ம கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஸ்கேனருக்குத் தெரியும். இதோட டோனர் சேமிப்பு மோடையும் போட்டு வெளிறின கோடு வந்தா இன்னும் மோசம். அழகுக்காக கட்டத்தை நெருக்கமாப் போட்டு, ரெண்டு பக்கமும் விட வேண்டிய வெள்ளை இடத்தையும் தின்னுட்டா முடிஞ்சுது கதை.

எனக்குக் கோவம் வர்றது இந்த நுணுக்கம் தெரியாததால இல்லீங்க. தெரியாதது தப்பே இல்ல. கோடு தெரியுது, கையெழுத்துப் போடுங்கன்னு வேலையை ஒப்படைச்சுட்டுப் போறாங்களே, அதுக்குத்தான். 1974 ஜூன் 26ல அமெரிக்காவுல டிராய்ங்கிற ஊர்ல ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதன்முதலா கல்லாவுல ஸ்கேன் பண்ணினாங்க. மனுசன் எண்ணைக் கையால அடிக்கக் கூடாதுங்கறதுதானே பார்கோடோட நோக்கமே? இங்க ஸ்டோர்ஸ் அண்ணன் லாரியை நிறுத்தி வெச்சுட்டு 10 இலக்கத்தை ஒத்தை விரலால தட்டிக்கிட்டு இருக்கார். ஒரு இலக்கம் மாறினா சரக்கு வேற கணக்குல போகும். மெமோ யாருக்கு வரும்? கனவானுக்கா? அண்ணனுக்குத்தான்.

லேபிள் பிரிண்டரே வேணாம்னு நான் சொல்லலை. தினம் ஆயிரக்கணக்குல ஸ்டிக்கர் ஒட்டற இடத்துக்கு அதுதான் சரி. ஏ4 சலான்ல ஒரே ஒரு பார்கோடு போட எதுக்குங்க அது?

அதனால காசோலை எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. ஒழுங்கான பார்கோடு இருக்கற ஒரு பிடிஎஃப்பை அதே பிரிண்டர்ல 100 சதவீத அளவுல அடிச்சு, ஸ்டோர்ஸ்ல இருக்கற அதே ஸ்கேனரால படிச்சுப் பாருங்க. மொபைல் கேமரா வேணாம், அது கோணல்மாணலையும் படிச்சுத் தொலைக்கும். பீப் வந்தா பிரிண்டர் நிரபராதி. அப்புறம் மென்பொருள் ஆளைக் கூப்பிட்டு உக்கார வைங்க. ஸ்டோர்ஸ் அண்ணன் ஸ்கேன் பண்ணிப் பார்த்து "சரி"ன்னு சொல்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க.

டிஸ்கி: பிரிண்டர் விக்கிறவங்க யாரும் ஆட்டோ அனுப்ப வேணாம். உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. ஹி ஹி.